பதினேழாவது கிண்ணம்

“நாம் கண்டறிந்தது என்னவென்றால்…” என்றார் பேராசிரியர் வேலாயுதசாமி, மைக்கை வாய்க்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டு. நாமாம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அங்கயற்கண்ணிக்கு அந்த ஒரு சொல் காதில் விழுந்து, தொண்டை வழியாக இறங்கி, மத்தியானச் சாப்பாட்டில் போட்ட ஆறிப்போன வடையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. யார் அந்த நாம்? பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில், மின்விசிறிகூட இல்லாத அந்தப் பொந்தில், எட்டு மாதம் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, பதினேழு பழைய கண்ணாடிப் பாத்திரங்களைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கித் திருப்பிப் பார்த்தது நாமா? கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச்சை ஒரே ஒரு நாளைக்கு இரவல் கேட்டு, மருந்துக்கடைக்காரரிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது நாமா? சார் அந்த அறைக்குள் வந்தது மொத்தம் இரண்டு தடவை. ஒரு தடவை போட்டோ எடுத்துக்கொள்ள. இன்னொரு தடவை கழிவறை என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டார். இதைச் சொல்லி விடுதியில் எத்தனை நாள் சிரித்திருப்பாள்! இப்போது சிரிப்பு வரவில்லை. திரையில் ஒன்பதாவது படம். முப்பத்தொன்றில் ஒன்பது. கீழ் மூலையில் அந்த எண் குட்டியாகத் தெரிகிறது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் படத்தைப் பார்த்தால் தன் கையெழுத்தே நினைவுக்கு வருகிறது. படத்தில் இருப்பது அச்செழுத்து. ஆனால் அந்த வாக்கியம் அவளுடையது, அந்தக் காற்புள்ளி அவளுடையது, ‘மூன்றே கால் அங்குல வட்டம்’ என்ற அந்த அளவு, அவள் தையல் டேப்பை வைத்து அளந்தது. பக்கத்தில் ஜெசிந்தா மெதுவாக முழங்கையால் இடித்தாள். “ஏட்டி, உன் மூஞ்சியப் பாரு, கரி அடுப்பு மாதிரி இருக்கு. கொஞ்சம் தண்ணி குடி.” தண்ணீர் வேண்டாம். மடியில் இருந்த பையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பைக்குள் துண்டு. துண்டுக்குள் கிண்ணம்.

பத்து. பத்தாவது படத்தில் ஒட்டு வரிகள். அச்சில் அழுத்திய கண்ணாடிக்கும் பட்டை தீட்டிய கண்ணாடிக்கும் என்ன வித்தியாசம் என்று சார் விளக்கிக்கொண்டிருந்தார், விளக்குகிறார், அதை விளக்கத் தெரிகிறதே அவருக்கு, ஜனவரி வரைக்கும் இரண்டும் ஒன்று என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தார். உருகிய கண்ணாடியை ஒரு கட்டி எடுத்து இரும்பு அச்சுக்குள் போட்டு மேலிருந்து அழுத்தினால், அச்சின் துண்டுகள் சேருகிற இடத்தில் கண்ணாடி கொஞ்சம் பிதுங்கி மெல்லிசாக ஒரு வரி நிற்கும், கொழுக்கட்டை அச்சில் மாவு பிதுங்குமே அப்படி. கொழுக்கட்டை! அதையும் சொல்லிவிட்டார். அரங்கம் சிரித்தது. அது அவளுடைய உவமை, ஏழாம் பக்கம், ஓரத்தில் பென்சிலால் எழுதியது. ஓரத்தைக்கூட விடவில்லை மனுஷன். அங்கயற்கண்ணி பல்லைக் கடித்தாள். அந்த எட்டு மாதமும் அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷமாக இருந்தது என்பதுதான் இன்னும் எரிச்சல். நாகப்பட்டினத்தில் கப்பல் தரகு பார்த்த ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது, மரப்பெட்டியில் வைக்கோல் வைத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன பதினேழு பாத்திரம். தட்டு, கிண்ணம், சர்க்கரைக் குப்பி, மூடி இல்லாத வெண்ணெய்ப் பாத்திரம். துறையில் எல்லாரும் அதற்கு ஒரே பெயர்தான் சொன்னார்கள்: பெல்ஜியம். நம் ஊரில் பழைய கண்ணாடி என்றாலே பெல்ஜியம்தான், கேள்வி கிடையாது, முகம் பார்க்கிற கண்ணாடியும் பெல்ஜியம், மாடத்து விளக்கும் பெல்ஜியம், அந்தச் சின்ன தேசத்தில் ஜனங்களுக்குத் தூக்கமே இருந்திருக்காது. அவள்தான் சண்டை போட்டாள். பெல்ஜியம் இல்லை சார், இது இங்கிலாந்து, அடியில் பாருங்கள், பதிவெண் இருக்கிறது, எண் போட ஆரம்பித்ததே 1884இல்தான். இது ஜப்பான், ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று பொறித்திருக்கிறது, போர் முடிந்து ஐந்தாறு வருஷம்தான் அப்படிப் போட்டார்கள். ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக, பெல்ஜியத்திடமிருந்து பிடுங்கி எடுத்து அததற்குரிய ஊரையும் வருஷத்தையும் கொடுத்தாள். முத்திரையே இல்லாத பாத்திரம் வந்தபோதுதான் அவளுக்கு இன்னும் வெறி ஏறியது. எழுத்து இல்லாத இடத்தில் பாத்திரத்தின் உடம்பைப் படிக்க வேண்டும், அடிப்பக்கத்துக் கீறலைப் படிக்க வேண்டும். அப்போதுதான் அந்த வாக்கியம் எழுதினாள். சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடு போட்டு, தானே அதை நாலு தடவை படித்து மகிழ்ந்தாள்.

“தேய்மானம் பொய் சொல்லாது!” என்றார் சார். பதினான்காவது படம். பெரிய எழுத்தில், மேற்கோள் குறிக்குள், பின்னால் அந்தப் பச்சைக் கிண்ணத்தின் அடிப்பக்கம் முழுத் திரைக்கு. கைதட்டல். முன்வரிசையில் கண்ணாடிப் பொருள் வல்லுநர் மீனலோசனி, சென்னையிலிருந்து இதற்காகவே வந்த அம்மாள், கைத்தறிப் புடவை, கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி, அவள்கூடத் தலையை ஆட்டிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதாதீங்க மேடம், எழுதாதீங்க. அங்கயற்கண்ணிக்குக் காது மடல் சுட்டது. பதினேழாவது கிண்ணம். வரிசை எண் பதினேழு, பச்சை நிறம், விளிம்பைச் சுற்றிப் புடவைக் கரையில் வருகிற மாதிரி மாங்காய் வடிவம், முத்திரை இல்லை, அடியில் ஆழமான கீறல்களால் ஆன தேய்மான வட்டம். ‘இவ்வளவு தேய நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் புழங்கியிருக்க வேண்டும். மாங்காய் வடிவம் நம் கண்ணுக்கானது. ஆகவே இது இந்தியச் சந்தைக்கென்றே 1890 வாக்கில் ஐரோப்பாவின் பொஹீமியாவில் வார்க்கப்பட்டிருக்கலாம்.’ இருக்கலாம் என்றுதான் அவள் எழுதினாள். சார் அந்த ‘லாம்’ஐ வெட்டிவிட்டார். வார்க்கப்பட்டது. அவ்வளவுதான். அவர் மொத்த உரையும் இப்போது அந்தக் கிண்ணத்தின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது, கீழைக் கடற்கரைக்காக ஐரோப்பா செய்த கலை, நம் ரசனைக்கு வெள்ளைக்காரன் வளைந்த கதை, அது இது. மேடைக்கு இடப்பக்கம் கறுப்புத் துணி விரித்த மேசையில், தனி விளக்குக்குக் கீழே, கல்யாணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது அந்தக் கிண்ணம். அதற்கு வயது நூற்று முப்பதாம். அங்கயற்கண்ணி பையை இறுக்கினாள். துண்டுக்குள் இருந்த கிண்ணம் சுண்டு விரல் எலும்பில் இடித்தது. உண்மையில் அதற்கு அவள் வயதுகூட ஆகவில்லையோ என்னவோ.

போன ஞாயிற்றுக்கிழமை. திருமங்கலத்து வீடு, அடுக்களை, பதினொரு மணி வெயில். அம்மா பழைய சோற்றைப் பிசைந்துகொண்டே “ஊறுகாய எடு” என்றாள். ஊறுகாய் ஜாடிக்கு மூடி உடைந்து பல வருஷம் ஆகிறது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருப்பாள். வெள்ளைக் கண்ணாடி, ஓரத்தில் ஒரு சில்லு போனது, எண்ணெய்ப் பிசுக்கில் மங்கிப்போனது. அதை எடுத்தபோது விரல் நின்றது. கண் நிற்கவில்லை, கண் அம்மா பக்கம் இருந்தது, வாய் எதையோ வாதாடிக்கொண்டிருந்தது. விரல்தான் நின்றது. விளிம்பில் ஒரு மாங்காயின் குறுக்கே மயிர் போல ஒரு மேடு. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. எட்டு மாதமாக அவளுக்கு அந்த மேட்டைத் தெரியும். அச்சு இரும்பில் விரிசல் விழுந்தால் அந்த விரிசலுக்குள் கண்ணாடி புகுந்து இப்படி ஒரு வரியாக நிற்கும். அந்த அச்சில் பிறந்த எல்லாப் பாத்திரத்துக்கும் அதே இடத்தில் அதே மச்சம். பச்சைக் கிண்ணத்திலும் இருக்கிறது. ஆறாவது மாங்காய். கிண்ணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் எண்ணினாள். ஒட்டு வரியிலிருந்து வலப்பக்கமாக, ஒன்று, இரண்டு, ஆறு. ஆறு. “அம்மா, இது ஏது?” “எது?” “இந்தக் கிண்ணம்.” “ஏன், ஒடச்சுப்புட்டியா?” “ஒடைக்கல, ஏதுன்னு கேட்டேன்.” “டீத்தூளுக்குக் குடுத்ததுடி. பத்துக் காலிப் பாக்கெட்டு சேத்துக் கடையில குடுத்தா ஒரு கிண்ணம். யானைப் படம் போட்ட டீத்தூள். ஒங்கப்பனுக்கு அந்த டீயக் கண்டாலே ஆகாது, கழனித்தண்ணிம்பாரு. கிண்ணத்துக்காவண்டி நாந்தான் விடாம வாங்குனேன்.” “எந்த வருசம்?” “ஒங்கண்ணன் வயித்துல இருந்தான். என்னடி, போலீசு மாதிரி நிக்கிற? ஊறுகாய எடு மொதல்ல.” அண்ணனுக்கு இப்போது முப்பத்திரண்டு. அவள் கிண்ணத்தை மறுபடி பார்த்தாள். அம்மாவின் கிண்ணத்தில் அந்த வரி மாங்காயின் வயிற்றோடு நின்றுபோகிறது. பச்சைக் கிண்ணத்தில் அது மாங்காயைத் தாண்டி, விளிம்பு வரைக்கும் ஓடுகிறது. இரும்பில் விழுந்த விரிசல் வளருமே தவிரச் சுருங்காது. அப்படியானால் அம்மாவின் கிண்ணம் மூத்தது. அருங்காட்சியகத்தில் இருப்பது இளையது. நூற்று முப்பது வயதுப் பொஹீமியாக்காரி, டீத்தூள் பாக்கெட்டோடு இனாமாக வந்த தங்கச்சி.

பதினெட்டு. பத்தொன்பது. சார் தண்ணீர் குடித்தார். ஏசியிலிருந்து சொட்டுகிற நீருக்கு யாரோ ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள், டொக், டொக். ஆனால் கீறல்? கீறல் எப்படி வந்தது? முப்பது வருஷத்தில் அவ்வளவு கீறலா? அம்மாவின் கிண்ணத்தையும் கவிழ்த்துப் பார்த்தாளே, அதே வட்டம், அதே ஆழம், இன்னும் மோசம். அன்றைக்கு அடுக்களையில் நின்றபடி அவளுக்கு வந்த கோபத்தை எந்தப் பாத்திரத்தில் கொட்டுவது? அவள் படித்த அந்த வழிகாட்டிப் புத்தகம், ஏழு நூறு பக்கம், வழுவழுத் தாள், தேய்மானத்துக்கு ஒரு அட்டவணையே போட்டிருக்கிறது. எவ்வளவு கீறலுக்கு எத்தனை வருஷம் என்று. எழுதினவன் வீட்டில் மேசை இருக்கிறது. மேசை மேல் விரிப்பு இருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள், விருந்தாளி வந்தால், பாத்திரத்தை மெதுவாக எடுத்து விரிப்பின் மேல் வைப்பான், சோப்பு நுரையில் பஞ்சால் துடைப்பான், அலமாரியில் வைப்பான். அங்கே நூறு வருஷம் ஆகும், ஆகத்தான் செய்யும். இங்கே? சிமெண்டுத் தரை. தரையில் வைத்து, “தள்ளு” என்றால் தரையோடு தேய்த்துத் தள்ளி, மணலும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு, பாத்திரத்தின் மேல் ஏதோ தீராத பகை இருக்கிற மாதிரி தேய்ப்பாள் அம்மா. தினமும். மூன்று வேளையும். அட்டவணைக்காரன் இதைப் பார்த்தால் மயங்கி விழுவான். அவனைத் திட்டி என்ன பிரயோசனம், அவன் தன் வீட்டைத்தானே எழுதினான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இதே கிண்ணத்தில், இதே கிண்ணத்தில்தான், தயிர் தொட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவள் நீ. உனக்கு எங்கே போனது புத்தி? கையுறை மாட்டினதும் தரை மறந்துவிட்டதா? வகுப்பில் எழுந்து நின்று, வெளிநாட்டு அளவுகோலை நம் ஊர்மேல் வைக்காதீர்கள் என்று இரண்டு வருஷமாக எல்லாரோடும் மல்லுக்கட்டுகிறவள், விவாத மேடையில் கோப்பை வாங்கினவள், கறுப்புத் துணி மேல் வைத்து விளக்குப் போட்டதும் அம்மாவின் ஊறுகாய் மூடியைப் பொஹீமியா என்று எழுதிவிட்டாள். நாகப்பட்டினத்து வீட்டிலும் முதலாளிகள் மேசையில் சாப்பிட்டிருப்பார்கள், மற்ற பதினாறின் அடியிலும் லேசான கீறல்தான். இது மட்டும் அடுக்களையிலிருந்து வந்தது. அங்கே சமைத்த ஒருத்தி பத்துப் பாக்கெட் சேர்த்து வாங்கினது. பெட்டி கட்டினவன் தெரியாமல் சேர்த்துக் கட்டிவிட்டான். பதினாறு ஒரு மாதிரி, ஒன்று மட்டும் வேறு மாதிரி என்று கண்ணுக்குத் தெரிந்ததே, அப்போது ஏன் என்று கேட்காமல், இதுதான் எல்லாவற்றிலும் பழையது என்று குதித்தாயே. அந்தப் பொம்பிளை எங்கே தேடினாளோ தன் கிண்ணத்தை.

சரி. தப்பு. தப்பு என்று தெரிந்த அன்றே சாரிடம் போயிருக்கலாமே? போனாள். திங்கட்கிழமை காலையில் அறை வாசலில் நின்றாள். “சார், அந்த நோட்டுல ஒரு விஷயம்…” “எந்த நோட்டு?” என்றார் அவர். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. நாற்பத்து மூன்று பக்க நோட்டு, ஜனவரியில் அவர் கையில் கொடுத்து, “நல்லா இருக்கும்மா, வெச்சுட்டுப் போ” என்று அவர் வாயாலேயே சொல்லி, அவருடைய பச்சைப் பீரோவுக்குள் போன நோட்டு. நகல்கூட எடுத்து வைக்காத முட்டாள் அவள். “செமினார் வேலை தலைக்கு மேல இருக்கு, அப்புறம் வாம்மா” என்றார். சுவரில் அழைப்பிதழ் ஒட்டியிருந்தது. உரை: முனைவர் வேலாயுதசாமி. கள ஆய்வு: முனைவர் வேலாயுதசாமி. அப்போது அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வாய் மூடலில் ஒரு சின்னக் குரூரமான இனிப்பு இருந்ததை மறுக்க முடியாது. பேசட்டும். நெஞ்சை நிமிர்த்திப் பேசட்டும். தப்போடு சேர்த்துத்தானே திருடியிருக்கிறார், விஷத்தோடு சேர்த்துத் தின்கிற எலி மாதிரி. ஒருநாள் யாராவது கண்டுபிடிப்பார்கள், ஊரெல்லாம் சிரிக்கும், நான் ஓரமாக நின்று பார்ப்பேன். மூன்று நாள் இந்த நினைப்பை மிட்டாய் மாதிரி கன்னத்தில் அடக்கிக்கொண்டு திரிந்தாள். நாலாவது நாள்தான் சீனியர் உமையாள் நினைவுக்கு வந்தாள். போன வருஷக் கண்காட்சியில் ஒரு பானைக்குத் தப்பான நூற்றாண்டு எழுதி ஒட்டியிருந்தது, பதிவாளர் சுட்டிக்காட்டினார், சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இது பசங்க எழுதினது சார். உமையாள், இங்க வாம்மா.” அதுவரைக்கும் அந்தக் கண்காட்சியில் உமையாள் என்று ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்பு வந்ததும் பெயர் வந்தது. பெருமை என்றால் நாம், பிழை என்றால் உமையாள். அப்படியானால் என் பெயரும் ஒருநாள் அந்த வாயில் வரும். நான் இல்லாத இடத்தில், நான் பதில் சொல்ல முடியாத நேரத்தில். இந்த நினைப்பு வந்ததும் மிட்டாய் கசந்துவிட்டது.

“இருபத்தாறு” என்று அவள் முணுமுணுத்தாள். “என்னத்தட்டி எண்ணுத? சாவுக்கா?” என்றாள் ஜெசிந்தா. அவளுக்குத் தெரியும், ஞாயிறு சாயங்காலமே சொல்லியாகிவிட்டது. “பைய என்கிட்ட குடு. நீ ஏதும் செஞ்சிராத. பதினாலாந்தேதி ஆராய்ச்சி இடத்துக்கு நேர்காணலு, முன்னால இருக்க அந்தச் சென்னை அம்மாதான் குழுவுல தலைவி. இப்பப் போய் நாந்தான் தப்புப் பண்ணேன்னு நின்னேன்னு வை, ஆராய்ச்சியும் இல்ல ஒண்ணும் இல்ல, ஊருக்குப் போய் ஊறுகாதான் போடணும்.” “சும்மா இருந்தா அவரோட கண்டுபிடிப்பு.” “இருந்துட்டுப் போட்டும்! இப்ப அதுல உன் பேரு இல்லைல்லா? தப்புலயும் இல்ல. தப்பிச்சேன்னு நெனச்சுக்கோ.” ஜெசிந்தா சொல்வது சரி. எப்போதும் சரியாகத்தான் சொல்வாள், அதனால்தான் அவளோடு வாதம் பண்ணுவது சலிப்பாக இருக்கும். பதினாலாம் தேதி. அந்த நேர்காணலில் இடம் கிடைத்தால் மூன்று வருஷம் கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடி. கிடைக்காவிட்டால் அண்ணன் பார்த்து வைத்திருக்கிற பள்ளிக்கூட வேலை, அதற்குப் பின்னாடியே ஒரு ஜாதகம். மீனலோசனியின் பின்னந்தலையைப் பார்த்தாள். நரைத்த கொண்டை, ஒற்றை ஊசி. இந்த அம்மாளுக்கு முன்னால்தான், அட்டவணையை நம்பி ஊறுகாய் மூடியை நூறு வருஷம் பின்னுக்குத் தள்ளிய பெண்ணாக, முதல் தடவை நிற்க வேண்டும். சும்மா இருந்துவிடலாம். சும்மா இருப்பது எவ்வளவு சுலபம், நாற்காலியே சொல்லித்தருகிறது. ஆனால் சும்மா இருந்தால் அந்தப் பதினாறும் போகிறதே. பதிவெண்ணைச் சுண்ணாம்பு தடவிப் படித்த அந்த இங்கிலாந்துத் தட்டு, ஜப்பான் குப்பி, ஒரு கம்பெனியின் மயில்தலை முத்திரையைக் கண்டுபிடித்து ஒண்டியாக அறைக்குள் ஆடிய அந்தச் செவ்வாய்க்கிழமை. சரியானதையெல்லாம் விட்டுக்கொடுத்தால்தான் தப்பிலிருந்து தப்பிக்கலாம் என்றால் இது என்ன பேரம்? அந்தத் தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது. என் சிவப்பு மை, என் அடிக்கோடு, என் திமிர். அதையும் அவர் எடுத்துக்கொண்டு போவாரா? ஒரு பொம்பிளைக்குத் தன் தப்புகூடச் சொந்தமில்லையா இந்த நாட்டில்? இந்த இடத்தில் தான் கொஞ்சம் மிகையாகப் போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் கோபம் குறையவில்லை. முப்பத்தொன்று. கடைசிப் படம். ‘நன்றி: துறை மாணவர்கள்.’ மாணவர்கள். கூட்டமாக, ஆட்டு மந்தை மாதிரி.

விளக்குகள் எரிந்தன. மீனலோசனி எழுந்து மேசைக்குப் போய், கறுப்புத் துணியின் மேல் இருந்த பச்சைக் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தாள். “ரொம்ப நல்ல உரை, புரொபசர். எனக்கு ஒண்ணுதான் இடிக்குது. இதுக்கு முத்திரையும் கிடையாது, ஆவணமும் கிடையாது. தேய்மானத்தை மட்டும் வெச்சு 1890ன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?” சார் சிரித்தார். “மேடம், அதான் சொன்னேனே, தேய்மானம் பொய் சொல்லாது.” அரங்கமும் சேர்ந்து சிரித்தது. அங்கயற்கண்ணி எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. ஜெசிந்தா துப்பட்டாவைப் பிடித்தாள்; துப்பட்டா அவள் கையிலேயே நின்றுவிட்டது. “உக்காரும்மா, மாணவர் கேள்வியெல்லாம் கடைசியில்” என்றார் சார். “கேள்வி இல்ல சார்.” மைக் இல்லாத குரல், விவாத மேடைக்குப் பழகின குரல், பின்சுவர் வரைக்கும் போனது. “அந்தத் தேதி தப்பு. அந்தத் தப்பு என்னோடது.” நடந்தாள். வாளியில் டொக் என்றது. துண்டைப் பிரித்து அம்மாவின் கிண்ணத்தைக் கறுப்புத் துணியில், பச்சைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊறுகாய் வாசனை ஒரு கணம் எழுந்து அடங்கியது. “மேடம், ஒட்டு வரியில இருந்து வலப்பக்கம் ஆறாவது மாங்காய். நகத்த ஓட்டிப் பாருங்க. ரெண்டுக்கும் ஒரே அச்சு, ஒரே விரிசல். வெள்ளையில பாதியில நிக்குது, பச்சையில விளிம்பு வரைக்கும் போகுது. வெள்ளை எங்கம்மாவோடது. முப்பத்திரண்டு வருசத்துக்கு முன்னால டீத்தூளுக்கு இனாமாக் குடுத்தது. பச்சை அதுக்கும் அப்புறம் வந்தது. கீறல நான் மேசையில புழங்குன கீறல்னு படிச்சேன். அது தரையில புழங்குன கீறல்.” யாரோ ‘டீத்தூளா’ என்று வாய்விட்டுச் சிரித்தார்கள். முதுகு எரிந்தது. சிரிக்கட்டும்.

மீனலோசனி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றைத் தொட்டாள், மற்றதைத் தொட்டாள், திரும்ப முதல் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். அதற்குள் சாரின் குரல் மைக்கில் வந்தது, வழவழவென்று, அவசரமாக, உமையாளைக் கூப்பிட்ட அதே குரல். “மேடம், இத நான் விளக்கிடறேன். இந்தப் பொண்ணு எழுதிக் குடுத்த குறிப்புதான் அது. சின்னப் பொண்ணு, ஆர்வத்துல எழுதிட்டா. நான் நம்பிட்டேன். மாணவர்கள நம்பினா இப்படித்தான்.” அங்கயற்கண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். வரும் என்று தெரிந்ததுதான், வார்த்தைகூட மாறாமல் வந்திருக்கிறது. மீனலோசனி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். “ஓ. இவங்க எழுதினதா?” “ஆமா மேடம், இவதான்.” “அப்ப மிச்சம் பதினாறும்?” சார் மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார். அரங்கத்தில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. மூன்றாவது வரிசையில் ஜெசிந்தா, கையில் துப்பட்டாவோடு, எழுந்து நின்றுவிட்டாள். “நீ சொல்லும்மா” என்றாள் மீனலோசனி. இந்த நொடியில் கோபம் போய்விடும் என்று அங்கயற்கண்ணி நினைத்திருந்தாள். போகவில்லை. அது பாட்டுக்கு நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தது, ஆனால் இப்போது அதற்கு உட்கார ஒரு இடம் கிடைத்திருந்தது. “பதினாறும் என்னோடதுதான் மேடம். நோட்டு சாரோட பச்சைப் பீரோவுல இருக்கு. ஆனா அதுலயும் முத்திரையில்லாதது ரெண்டு இருக்கு, ஆறும் பதினொண்ணும். ரெண்டும் தேய்மானத்த வெச்சு எழுதினது. அத மறுபடி பாத்தாத்தான் சரின்னு சொல்லுவேன்.” மீனலோசனி குறிப்பேட்டைத் திறந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக யாரோ அவள் முழுப்பெயரைக் கேட்டார்கள், சொன்னாள், ஒவ்வொரு எழுத்தாக அது தாளில் இறங்குவதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டு நின்றாள். “இந்த வெள்ளைக் கிண்ணம் கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டுமா? படமெடுத்து, அளந்து…” “முடியாது மேடம்” என்றாள் அங்கயற்கண்ணி, துண்டை எடுத்துக்கொண்டே. “இங்கயே அளந்துக்கோங்க. வீட்ல ஊறுகாய் தெறந்து கெடக்கு.”